சப்பட்டை குடியிருந்த கல்

என் வீட்டுக்காரர் வீரமுத்துவைப் பகலில் பார்த்தவர்கள் அவரைப் பார்த்தவர்களே இல்லை. பகலில் அவர் கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் ஒரு மூட்டை. சாப்பிட எழுப்பினால் எழுந்து சாப்பிடுவார், பேச்சுக் கொடுத்தால் 'ம்' என்பார், மறுபடியும் படுத்துக்கொள்வார். சூரியன் செம்பனைகளுக்குப் பின்னால் இறங்கியதும் மனிதர் மாறிவிடுவார். தேய்த்த சட்டையைப் போடுவார், டார்ச்சைத் தட்டிப் பார்ப்பார், பாலில்லாத தே ஓவை நின்றபடியே குடிப்பார். முப்பத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்தியும் இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எனக்குக் கிடைத்தது மூட்டை, இருட்டுக்குக் கிடைத்தது புருஷன்.

பகாவ் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம் உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். அவர் இங்கேயே பிறந்தவர். பதினேழு வயதில் மருந்துப் பம்பை முதுகில் மாட்டினார். முப்பது வருடம் அதைக் கழற்றவில்லை. வரிசை வரிசையாகப் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. அவர் நடந்து போன இடம் நாலே நாளில் பழுத்துக் கிடக்கும். பிறகு நெஞ்சு கட்டி, மூச்சு இழுத்து, இனிமேல் பம்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அவரை ஜாகா வேலைக்கு மாற்றினார். வெட்டிக் குவித்த செம்பனைக் குலைகளை இரவோடு இரவாக எவனும் லோரியில் ஏற்றிக்கொண்டு போகாமல் காவல் காக்க வேண்டும். அதற்குப் போய் இப்போது பன்னிரண்டு வருடம் ஆகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், இருட்டு விலகாத காலை ஆறு மணிக்கு வேலை முடிகிற மனிதர் ஏழரைக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கேட்டால் "சும்மா லா" என்பார். சட்டையின் முன்பக்கம் முழுக்க மண். இதை எந்தப் பெண் பொறுப்பாள்? ஒருநாள் விடியுமுன் எழுந்து, கையில் பாராங் கத்தியோடு அவர் காவல் முடிந்து போகும் வழியில் பின்னாலேயே போனேன். எவளாவது இருந்தால் முதலில் அவளை வெட்டுவதா இவரை வெட்டுவதா என்று வழியெல்லாம் யோசித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

தோட்டத்தின் மேற்கு மூலையில் பழைய லயம் இருந்த இடம் உண்டு. தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்துப் பலகையையும் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடித்தளக் கல், வாசற்படிக் கல், உடைந்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. டிராக்டர் நுழைய முடியாத இடம் என்பதால் அங்கே கன்றும் வைக்கவில்லை, மருந்தும் அடிப்பதில்லை. அந்தக் கற்களுக்கு நடுவே என் வீட்டுக்காரர் குப்புறக் கிடந்தார். நெஞ்சை அடைத்து விழுந்துவிட்டார் என்று நினைத்து அலறிக்கொண்டு ஓடினேன். அவர் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டி என்னை நிறுத்தினார்.

"மெதுவா வா லெட்சுமி. ஓடிடும்."

பக்கத்தில் குந்தவைத்து, டார்ச்சை என் நெற்றியோடு பிடித்துப் பார்க்கச் சொன்னார். முதலில் தொட்டி ஓரத்துக் கல் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் கல்லின் மேல், கல்லின் நிறத்திலேயே ஒன்று தெரிந்தது. சிலந்திதான். ஆனால் யாரோ கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்ட மாதிரி அப்படி ஒரு தட்டை. எட்டுக் காலையும் நண்டு மாதிரி இரண்டு பக்கமும் பரப்பி வைத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்கள் மங்கலாக மினுங்கின. நான் மூச்சு விட்டேனோ என்னவோ, அது அங்கே இல்லை. போனதை என் கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. ஐம்பது காசு நுழையாத சந்துக்குள் போய்விட்டது என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

"இதுக்கா காலங்காத்தால மண்ணுல பொரள்றீங்க?"

"இது வலை கட்டாது லெட்சுமி. பகல் முச்சூடும் கல்லுக்கு அடியில படுத்துக் கெடக்கும். ராத்திரிதான் எந்திரிச்சு வெளிய வரும். வந்து, சும்மா அசையாம ஒக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும்."

"ஓ, அதுவும் ஜாகாவா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பாராங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் அதற்கு வைத்த பெயர் சப்பட்டை. சரியான பெயர் அவருக்குத் தெரியாது. தோட்டத்துப் பூச்சிகளைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அபிராமி என்ற பெண்ணுக்கும் தெரியவில்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் மூன்று இரவு இவரோடு சுற்றினாள். தரையில் வாழ்கிற தட்டைச் சிலந்திகளில் இன்னும் பெயர் வைக்காதவையே நிறைய இருக்கின்றன, அங்கிள், நீங்கள் பார்ப்பதையெல்லாம் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான். என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், அந்தப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் எட்டு நிமிடம் பேசி அனுப்புவார். சப்பட்டை இன்று என்ன தின்றது, மழை பெய்தால் எங்கே ஒதுங்கியது, தோலை உரித்து வைத்துவிட்டு எப்படி வெளிறிப்போய் நின்றது என்று கதை கதையாகச் சொல்வார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சில நாட்கள் நானும் போனேன். திட்டிக்கொண்டேதான் போனேன். அந்த நேரத்தில் பனி இறங்கியிருக்கும். செம்பனை மட்டைகளிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். நிலா இருந்தால் கற்கள் எல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி இருக்கும். வீடு ஒன்றும் இல்லை, வாசல் மட்டும் இருக்கும். வாசலுக்கு ஒன்றாகச் சப்பட்டைகள் வெளியே வந்து உட்கார்ந்திருக்கும். அவர் முதுகில் சாய்ந்தபடி நான் பாதித் தூக்கத்தில் பார்ப்பேன். எது கல், எது சிலந்தி, எது என் கண்ணுக்குள் மிதக்கிற பூச்சி என்று பிரிக்க முடியாது. பேச்சில்லை, நேரம் போவதும் தெரியாது. கிழக்கே வெளுத்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விடும். வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்போம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ரதி. சிரம்பானில் தெமியாங்கில் குடியிருக்கிறாள். மருமகன் முகுந்தன் லோரிப் பட்டறையில் வேலை செய்கிறார், தங்கமான பிள்ளை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், நாங்கள் கிளம்பும் வரைக்கும் திரும்பவே இல்லை. மூன்றாவது முறை தங்கியதை எங்களிடம் சொல்லவே நாலு மாதம் எடுத்துக்கொண்டாள். போன டிசம்பரில் அவளுக்கு ஆறாம் மாதம் தொடங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே டிசம்பரில்தான் ஒரு காலையில் அவர் தூங்கப் போகாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஒரு சப்பட்டை முட்டை வச்சிருக்கு லெட்சுமி. வெள்ளையா, வட்டமா, கல்லோட ஒட்டி ஒரு பை. அது மேலயே படுத்திருக்கு. தீனிக்குக்கூட வெளிய வரல. ஒரு மாசமோ ஒன்றர மாசமோ ஆவலாம், யாருக்கும் சரியாத் தெரியாதுன்னு அபிராமி சொல்லுது." கொஞ்ச நேரம் கதவைச் சுரண்டினார். "சிரிக்காத. இது பொரிச்சு வெளிய வந்துட்டா நம்ம ரதிக்கும் நல்லபடியா ஆயிடும்னு என் மனசு அடிச்சிக்குது."

நான் சிரிக்கவில்லை. நானும் மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். தைப்பொங்கலன்று ரதி பேரில் கோயிலில் பானை வைக்கிறேன், அது பொங்கி வழியட்டும், என் பிள்ளையைக் காப்பாற்று என்று. அவருக்குச் சிலந்தி, எனக்குப் பானை. இரண்டில் எது பலித்தாலும் சரிதான். எந்தக் கல் என்று நான் அவரைக் கேட்கவில்லை. தொட்டி ஓரத்துக் கல்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு.

கோயில் வளாகத்துக்குப் போன வருடக் கடைசியில் புதிதாக சிமெண்டு போட்டார்கள். பொங்கலுக்கு முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குச் செயலாளர் முருகையா வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்புப் போட்டார். சிமெண்டின் மேல் நேராக அடுப்பு மூட்டினால் வெடித்துவிடும், ஆகவே ஒவ்வொரு குடும்பமும் அடுப்புக்கு அடியில் போடத் தட்டைக் கல் ஒன்று கொண்டுவர வேண்டுமாம். ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டைக் கல்லுக்கு எங்கே போவது? அந்த ஆளை வாய் வலிக்கத் திட்டினேன். வீட்டுக்காரர் அன்றைக்குத் தோட்டத்தின் மறுகோடியில் காவலில் இருந்தார். விடுமுறை நாளில்தான் குலைத் திருட்டு அதிகம். விடியற்காலை ஐந்தரைக்குத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பழைய லயத்துக்குப் போனேன்.

தொட்டிப் பக்கம் போகவே இல்லை. அவர் கல்லை மறந்தும் தொட்டுவிடக் கூடாது என்று சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வாசற்படிக் கல் ஒன்றைப் பார்த்து எடுத்தேன். இரண்டு விரல் கனம், நல்ல தட்டை. உரமூட்டை தூக்கின உடம்பு எனக்கு. புரட்டாமல் கொள்ளாமல் அப்படியே சரித்து வண்டியில் ஏற்றினேன். கோயிலில் இறக்கி, ஆடாமல் இருக்க நாலு மூலைக்கும் ஓட்டுச் சில்லு கொடுத்து, மேலே மூன்று செங்கல் வைத்து, மஞ்சள் கொத்து கட்டின பானையை ஏற்றினேன். ரதி பேரைச் சொல்லிக் கற்பூரம் காட்டி அடுப்பை மூட்டினேன்.

ஏழு மணிக்கும் முழுசாக விடியவில்லை. பனியும் புகையும் கலந்து, பக்கத்தில் நிற்கிறவள் முகம்கூட வந்து வந்து போனது. எனக்கு அடுத்த அடுப்பு சூசையம்மாளுடையது. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் பொங்கலன்று எங்கள் வரிசையில் அவள் பானை இல்லாமல் இருந்ததில்லை. பால் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்துவிட்டது. கிழக்குப் பக்கமாக நுரை கட்டியது. என் கண்ணில் ரதி முகம்தான் நின்றது. இன்னும் இரண்டு நிமிடம் போதும்.

அப்போது வீட்டுக்காரர் மோட்டாரை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூச்சு இழுத்தது. முட்டியெல்லாம் மண். என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், பிறகு அடுப்புக்கு அடியில் பார்த்தார். முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துபோனது.

"என்னாங்க?" என்றேன்.

"ஒன்னுமில்ல. பொங்கட்டும்."

முப்பத்து நான்கு வருடம். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அவர் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது.

"இந்தக் கல்லா?"

"பொங்கட்டும் லெட்சுமி. ரதிக்கு வேண்டினது. விடு." சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் ஆடியது.

நுரை விளிம்பைத் தொட்டது. பக்கத்துப் பெண்கள் குரல் கொடுக்க வாயைத் திறந்துவிட்டார்கள். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. என் பிள்ளைக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று இன்னொருத்தி பிள்ளைகளை அடுப்பில் வைத்திருக்கிறேன் என்பது மட்டும்தான் தெரிந்தது. அம்மா என்னை மன்னித்துவிடு என்று சொல்லி, முந்தானையைச் சுற்றிய கையால் பானையைத் தூக்கிக் கீழே வைத்தேன். எழும்பின நுரை அப்படியே அமுங்கிப் போனது. விறகைக் காலால் தள்ளினேன், செங்கல்லை உதைத்தேன்.

முருகையா ஓடி வந்தார். "என்னாம்மா பண்ற நீ? பொங்கற பானைய எறக்கற? நல்ல நாளும் அதுவுமா இப்படி அபசகுனம் பண்ணிட்டியே."

"கல்லு கொண்டா கல்லு கொண்டான்னு ராத்திரி ஒம்பது மணிக்குச் சொன்னியே, அதுதான்யா அபசகுனம். தள்ளு."

சூசையம்மாள் இரண்டு சாக்கைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கல்லை மெதுவாகத் தூக்கிச் சரித்தோம். அடியில் கை வைத்தால் சூடு தெரிந்தது. நடுவில் அந்த வெள்ளை வட்டம் இருந்தது. அதன் மேல் சப்பட்டை எட்டுக் காலையும் பரப்பிக் கிடந்தது. நாலு பக்கமும் திறந்துதான் இருந்தது. கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடத் தெரிந்த ஜென்மம் அது. ஓடவில்லை. அவர் ஊதிப் பார்த்தார். ஒரு கால் மெல்ல அசைந்தது. நான் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதேன்.

வண்டி குலுங்கும் என்று கையிலேயே தூக்கிக்கொண்டு போனோம். பத்தடிக்கு ஒருமுறை நின்று, செம்பனை வரிசைக்குள் போனோம். என் இடுப்பில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ரதிதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கல்லைக் கீழே வைக்க முடியாது. பழைய இடத்தில் எறும்பைத் தட்டிவிட்டு, கல்லைப் பொருத்தி, மட்டையை வெட்டி மூடிய பிறகுதான் கூப்பிட்டேன்.

"பொங்குச்சாம்மா?" என்றாள். முதல் வார்த்தையே அதுதான்.

பொங்கியது என்று சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது. ஆனால் அந்தச் சூட்டிலும் அசையாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த வாயால் என் பிள்ளையிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. பொங்கற நேரத்துல நானே எறக்கிட்டேன். அடுப்புக் கல்லுக்கு அடியில அப்பாவோட சப்பட்டை முட்டையோட இருந்துச்சு. பாக்காமத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"சரிம்மா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ரதி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் முகுந்தன் எடுத்து, நல்லா இருக்காங்க அத்தை, படுத்திருக்காங்க என்பார். பேசப் பயமாக இருந்தது எனக்கு. என் பிள்ளைக்கான பானையை நானே கவிழ்த்துவிட்டேன் என்று அவள் நினைக்க மாட்டாளா? நான் நினைத்தேனே. தோட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன்.

தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து லயத்துக்குப் போக ஆரம்பித்தேன். அவரும் காவல் இடைவேளையில் வந்துவிடுவார். கல்லின் விளிம்பை ஒரு குச்சி கனத்துக்குத் தூக்கி, டார்ச்சைத் துணியால் மூடிப் பார்ப்போம். அது அப்படியே கிடக்கும். ஒரு வாரம் போனது. ஒன்பதாம் நாள் அவர், "சூடு பட்டுடுச்சு போல லெட்சுமி" என்றார். பனி கொட்டியது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினேன். தூக்கத்திலும் கல்லைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன், கோயிலும் வரவில்லை, லயமும் வரவில்லை.

பதினோராம் நாள் அவர் என் கையைத் தொட்டார். கல்லின் ஓரத்தில் எள்ளை இறைத்துவிட்ட மாதிரி ஏதோ இருந்தது. எறும்பு என்று நினைத்து அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவர் பிடித்துக்கொண்டார். அந்த எள் ஒவ்வொன்றுக்கும் கால் இருந்தது. ஒவ்வொன்றும் தட்டையாக, பக்கவாட்டில், சந்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. நூறு இருக்குமா, அதற்கும் மேலா, எனக்குத் தெரியாது. தாய் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். இருட்டில் அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"ரதிக்குப் போன் போடு" என்றார்.

"நாலரை மணிங்க. வயித்துப் புள்ளைக்காரி தூங்குவா."

"போடு லா."

போட்டேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"அம்மா, பொரிச்சிடுச்சா?"

"நீ தூங்கலயாடி?" என்றுதான் வந்தது.

"பொங்கல்லேருந்து தெனமும் இந்நேரத்துக்கு முழிச்சிக்கிட்டுத்தாம்மா கெடக்கேன். நீங்க ரெண்டு பேரும் அங்க ஒக்காந்திருப்பீங்கல்ல. பகல்ல கூப்புட்டா, இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. சொல்லுங்கம்மா. எல்லாம் உசுரோட இருக்கா?"

"இருக்குடி. எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனை அவரிடம் கொடுத்தேன்.